தூக்கத்தைக் கத்தரித்துத் தருகிறோம்

மோடாஃபினில் மாத்திரையின் பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாள் ஒன்று இருக்கும். பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வரும் நோயாளிகளுக்கான இந்த மருந்தை யார் சாப்பிடலாம், எத்தனை மணிக்குச் சாப்பிடலாம், எதைக் கண்டால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊர் மெடிக்கலிலிருந்து அந்தத் தாள் யார் வீட்டுக்கும் போவதில்லை. பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். தாள் கடைக் குப்பையில் சேரும். காலாவதித் தேதி மீதி ஆறு மாத்திரையோடு அலமாரியிலேயே தங்கிவிடும். மருத்துவர் சீட்டா? அதைப் பற்றி விசாரிப்பவர் ஊருக்குப் புதியவர்.

சட்டத்தைக் குறைசொல்ல வழியில்லை. மருந்து விதிகளின் எச் அட்டவணையில் இந்த மருந்து இருக்கிறது. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சாகி வருகிறது. அச்சிட்டதோடு தயாரித்தவரின் கடமை முடிந்தது. அந்த அச்சின் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டியதோடு விற்றவரின் கடமை முடிந்தது. கூகுள்பே செய்ததோடு வாங்கியவரின் கடமையும் முடிந்தது. எல்லாரும் அவரவர் கடமையை இவ்வளவு சுத்தமாக முடித்துவிட்டதால், தாளில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வேலை என்னைப் போன்ற வெட்டி ஆட்களிடம் வந்திருக்கிறது. சொல்கிறேன். இரவு ஷிப்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது யாருடைய மருந்து? நார்கோலெப்சி என்று ஒரு நோய் உண்டு. ஏறக்குறைய 2000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது உலகக் கணக்கு. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் பலருக்கு அழிந்துபோயிருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பரீட்சைத் தாளின் மேல், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடும். தமிழர்களுக்கு இந்த நோயைத் தெரியும். 2014-ல் வந்த ‘நான் சிகப்பு மனிதன்’ படத்தில் விஷாலுக்கு இருந்தது. கதாநாயகனுக்கு வந்தால் நோய். ஏழாம் வகுப்பு மாணவிக்கு வந்தால் திமிர். வாத்தியார் சாக்பீஸை எறிவார், சித்தப்பா கும்பகர்ணன் என்று பெயர் வைப்பார், பாட்டி தாயத்துக் கட்டுவாள், மாப்பிள்ளை வீட்டார் “பொண்ணு கொஞ்சம் மந்தம் போல” என்று எழுந்து போவார்கள். நோயை உறுதிசெய்ய ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தை அளந்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்து எத்தனை நிமிடத்தில் கண்ணயர்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த வசதி பெருநகரத்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் படிப்பை விட்டிருப்பாள்.

மருந்தின் சொந்தக்காரிக்குத் தாயத்து. மருந்து எங்கே போகிறது? ராத்திரி முழுக்க அமெரிக்கக்காரனின் கணினியைப் பழுதுபார்த்துவிட்டுப் பகலில் டீம் மீட்டிங்குக்கும் வந்து உட்கார்கிற, நோய் ஒன்றுமில்லாத 26 வயதுப் பையனிடம் போகிறது. அவனுக்குத் தூக்கம் வருவதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அவன் தூங்கவில்லை. பட்டினி கிடப்பவனுக்குப் பசியடக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பந்தி முடிந்தது என்று இலையெடுக்கிற கதைதான் இது.

இந்தப் பந்தியை முதலில் விரித்தவர்கள் நம்மாட்கள் இல்லை. மோடாஃபினில் பிரான்சின் லஃபோன் ஆய்வகத்தில் பிறந்தது. தூக்க ஆராய்ச்சியில் பெரிய பெயரான மிஷேல் ஜூவே அதை நார்கோலெப்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1998 டிசம்பரில் அமெரிக்காவில் செஃபலான் என்ற கம்பெனி அனுமதி வாங்கியது. நல்ல மருந்துதான், அந்த நோயாளிகளுக்கு அது பெரிய துணை. ஆனால் 2000 பேருக்கு ஒரு வாடிக்கையாளர் என்றால் பங்குதாரர்களுக்குத் தூக்கம் வருமா? மீதி 1999 பேரையும் பார்த்தார்கள். சோர்வா, களைப்பா, உற்சாகம் குறைவா, எல்லாவற்றுக்கும் இதுதான் என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் ஓதினார்கள். இதுவும் வேறு இரண்டு மருந்துகளும் அனுமதியில்லாத உபயோகத்துக்கு விற்கப்பட்ட வழக்கில், 2008-ல் செஃபலான் 42.5 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்தது.

அதோடு விட்டார்களா? மலிவு விலையில் இதே மருந்தைத் தயாரிக்கக் காத்திருந்த நான்கு கம்பெனிகளுக்கு, 2012 வரை சந்தைக்கு வராமல் இருப்பதற்காக 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. அந்த நான்கில் ஒன்று நம் ரான்பாக்ஸி. செஃபலானை விழுங்கிய டேவா நிறுவனம் 2015-ல் 120 கோடி டாலருக்குச் சமாதானம் பேசியது. இந்த மாத்திரையின் சரித்திரத்தில் தூங்குவதற்குக் கூலி வாங்கியவர்கள் அந்த நான்கு பேர் மட்டும்தான்.

இரவு ஷிப்ட் தொழிலாளிக்கும் இதைக் கொடுக்கலாம் என்று பிற்பாடு அமெரிக்காவில் அனுமதி நீண்டது. அதற்கு ஆதாரமான ஆய்வை 2005-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. மனிதவளத் துறை மேலாளர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இரவுப் பணியால் தூக்கக் கோளாறு வந்தவர்களைப் பணி நேரத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சராசரியாக 2.1 நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். 200 மில்லிகிராம் மாத்திரை போட்டவர்கள் 3.8 நிமிடத்தில் தூங்கினார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக மாத்திரை வாங்கித் தந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகையில் விபத்தோ, மயிரிழையில் தப்பியதோ 54 சதவீதம் பேருக்கு நடந்த இடத்தில் மாத்திரை போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு நடந்தது. குறைந்ததை மறைக்க மாட்டேன். நூற்றுக்கு 29 பேர் சாலையில் விபத்தின் விளிம்புவரை போகும் ஏற்பாட்டுக்குப் பெயர் சிகிச்சை என்றால், அதே வண்டியில் மேலாளரின் மகனையும் ஏற்றி அனுப்பிவிட்டு என்னிடம் பேசட்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2010-ல் கணக்குப் பார்த்து, ஷிப்ட் வேலைக்கு இதைக் கொடுப்பதில் நன்மையைவிட ஆபத்து அதிகம், நார்கோலெப்சியோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

குறட்டைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று தூங்குகிறவருக்குப் பகலில் தூக்கம் வரும். அடைப்பை மாத்திரை திறக்காது. ராத்திரி முகமூடிக் கருவியோடுதான் அவர் படுக்க வேண்டும். கருவியைப் பரணில் போட்டுவிட்டு மாத்திரையோடு கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரி, விழிப்பாக இருந்தபடியே இதயத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறார்.

நேரத்துக்கு வருவோம். இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ 15 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் நோயாளிக்குக் காலையில் கொடுக்கிறார்கள். ஷிப்டுக்காரருக்கு என்று மருத்துவர் எழுதினால் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு. நம் பையன் டெட்லைனுக்காக ராத்திரி பதினொன்றுக்கு விழுங்குகிறான். மறுநாள் பகல் இரண்டு மணிக்கும் பாதி மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. படுத்தால் மோட்டுவளை நடனமாடுகிறது. திரும்ப அதே மெடிக்கல், அதே அண்ணன்.

“அண்ணே, தூக்கமே வரமாட்டேங்குது.”

“அதுக்கும் இருக்கு தம்பி.”

ஏற்றிவிட ஒன்று, இறக்கிவிட ஒன்று. தூக்க மாத்திரைக்குச் சட்டம் இன்னும் கடுமை. சீட்டின் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவேடு இருக்கிறது. ஆய்வாளர் வரும் நாளில் பளிச்சென்று இருக்கிறது.

மோடாஃபினில் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் தடிப்போ கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிதாக, ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற ஒவ்வாமையில் தோலும் வாயின் உள்சவ்வும் தீப்பட்டதுபோல் உரியும். ஆளைக் கொல்லவும் செய்யும். கவனக்குறைபாட்டுக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இதையே வேறு பெயரில் விற்க செஃபலான் விண்ணப்பித்தபோது, இந்தத் தோல் நோய் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு குழந்தையின் விவரமே தடையானது. 2006-ல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி மறுத்தது. அங்கே ஒரு குழந்தையின் தோலுக்காக ஒரு மருந்தையே நிறுத்தினார்கள். இங்கே நீட் கோச்சிங்கில் பிள்ளை கண்ணயர்கிறானே என்று அப்பாக்களே மெடிக்கலில் விசாரிக்கிறார்கள். பையன் டாக்டராக வேண்டும் என்பதற்காக டாக்டரைக் கேட்காமலே மருந்து.

இனிப் பெண்கள். இங்கேதான் எனக்கு நிதானம் போய்விடுகிறது. மோடாஃபினில் ஈரலைத் தூண்டி, கர்ப்பத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேகமாக அழித்துவிடும். தினமும் தவறாமல் தடை மாத்திரை போடுகிறவளுக்கும் தடை நிற்காமல் போகலாம். மருந்தை விட்ட பிறகும் ஒரு மாதம், பிரிட்டனின் விதிப்படி இரண்டு மாதம், வேறு பாதுகாப்பு வேண்டும். கருவுற்ற காலத்தில் இதைச் சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் அபாயம் கூடுகிறது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. அதாவது ஒரே மாத்திரை கர்ப்பத்துக்குக் கதவையும் திறந்துவிடுகிறது, உள்ளே வந்த உயிரையும் சும்மா விடுவதில்லை. இதைச் சொல்லத்தான் மருத்துவர் வேண்டும் என்கிறோம்.

மெடிக்கலில் என்ன நடக்கிறது? அவசர கர்ப்பத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கலாம் என்கிறது இந்தியச் சட்டம். தமிழ்நாட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் “அதெல்லாம் வெக்கிறதில்லம்மா” என்று பதில் வரும். கூடவே தலை முதல் கால்வரை ஒரு பார்வையும், கழுத்தில் தாலி இருக்கிறதா என்று ஒரு சோதனையும். சீட்டு தேவையில்லாத மாத்திரைக்கு ஒழுக்கச் சீட்டு கேட்கிற அதே கல்லா, சீட்டு கட்டாயமான விழிப்பு மாத்திரையை நிமிர்ந்து பார்க்காமல் நறுக்கித் தருகிறது. கலாசாரத்தின் கணக்கு தெளிவு: பெண் ராத்திரி முழுக்க முழித்திருக்கலாம், ஆனால் கம்பெனிக்காக மட்டும்.

வேறு எச்சரிக்கைகளும் உண்டு, கடகடவென்று சொல்லிவிடுகிறேன். தலைவலி சர்வசாதாரணம். இதய நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மன அழுத்தத்துக்கோ மனநோய்க்கோ முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இது சிலருக்குப் பதற்றத்தையும், இல்லாததைக் காணும் மயக்கத்தையும், தற்கொலை எண்ணத்தையும் கிளப்பியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவே குழம்பும். ஈரல் கெட்டவருக்குப் பாதி அளவு. மது கூடாது. விழிப்பாக இருப்பதுபோல் தோன்றுவதால் வண்டி ஓட்டும் நிதானம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

இத்தனையையும் விசாரித்து எழுதித்தர வேண்டிய மருத்துவர் எப்படியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தீர்களா? அரசு மருத்துவமனையில் நேற்றுக் காலை ட்யூட்டிக்கு வந்த பட்டமேற்படிப்பு மாணவர் இன்று மாலையும் அங்கேதான் நிற்கிறார். தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு உண்டு. உத்தரவு முப்பது வருடமாக நிம்மதியாகத் தூங்குகிறது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஆராய்ந்து ஆராய்ந்து, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே தறி ஓட்டுகிறவருக்கு 48 மணிதான் என்று எழுதிவிட்டார்கள். துணியைவிட மனித உடம்பை மலிவாக மதிக்கும் நாட்டில், கத்தி பிடிக்கிற கைக்கு 26 மணி கூடுதல்.

அந்த 48-ம் சிலர் கண்ணை உறுத்துகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்று ஏலத்தை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் உலகத்தில் 7,45,000 பேர் செத்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து போட்ட கணக்கு. பெரியவர்கள் அதைப் படிக்கவில்லை போலும். அவர்களுக்கு நேரமில்லை.

பதினான்கு வருடம் கண்ணிமைக்காமல் காவல் நின்ற இலக்குவனுக்காவது, அவன் தூக்கத்தையும் சேர்த்து அயோத்தியில் தூங்குவதற்கு ஊர்மிளை இருந்தாள் என்று கதை சொல்வார்கள். நம் ஊர்மிளைகளுக்கும் இப்போது நைட் ஷிப்ட். குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றுவதற்குக் காலை ஏழுக்கு அலாரம் வேறு. இவர்கள் எல்லாருடைய தூக்கத்தையும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பங்குச் சந்தையில் விசாரித்தால் முகவரி கிடைக்கலாம்.

நம் சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிலாளியின் எட்டு மணி நேரத்தைப் பறித்து, பத்தே நாளில் மே தினப் பரிசாக அதே தொழிலாளியிடம் கொடுத்து, கைதட்டலும் வாங்கிய சாமர்த்தியம் வேறு எந்த மாநிலத்துக்கு வரும்? அந்தப் பத்து நாளும் கொதித்தவர்களுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. அவர்களாகவே விழித்திருந்தார்கள்.

தாளில் இன்னும் ஒன்று இருக்கிறது: உங்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். அவருடைய வியாதி என்னவென்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். மூன்று பேர் பார்த்த வேலை. ஒருவர் ராஜினாமா செய்தார், இன்னொருவரை வேறு பிராஜெக்டுக்குத் தூக்கினார்கள், அந்த இரண்டு இடத்துக்கும் பட்ஜெட் இல்லை என்று மேலேயிருந்து மெயில் வந்தது. இதற்கான மருந்து 200 மில்லிகிராமில் வருவதில்லை. அப்பாயிண்ட்மென்ட் ஆர்டராக, இரண்டு எண்ணம், இந்த வாரமே கொடுத்தாக வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் ராத்திரி பத்து மணிக்கே போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.